தூக்க மாத்திரையும் தாத்தா பாட்டியும்: ஒன்றரை நூற்றாண்டுக் கதை

உங்க வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், அவருடைய மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்க.

பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு இருக்கும். கூடவே ராத்திரிக்கு மட்டும் போடுற ஒரு சின்ன மாத்திரையும் பல வீடுகளில் இருக்கும். அல்ப்ரஸோலம், குளோனஸிபம், லோரஸிபம், ஸோல்பிடெம், இதில் ஏதாவது ஒண்ணு.

இது எதுக்குன்னு கேட்டா "தூக்கத்துக்குப்பா"ன்னு உடனே பதில் வரும். யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை வருஷமா போடுறீங்கன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. ஏதோ ஒரு ஆபரேஷன் சமயத்திலோ, வீட்டில் ஒரு சாவு விழுந்த சமயத்திலோ பத்து நாளைக்குன்னு ஆரம்பிச்சதா இருக்கும். அந்தப் பத்து நாள் எட்டு வருஷமாகியிருக்கும்.

இந்த மாத்திரைகள் எப்படி வந்தன, வயசானவங்க உடம்பில் இவை வேற மாதிரி வேலை செய்யுதுன்னு எப்போ தெரிஞ்சது, தெரிஞ்ச பிறகும் ஏன் நிக்கலைன்னு இந்த த்ரெட்டில் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். இதைப் படிச்சிட்டு இன்னைக்கு ராத்திரியே பாட்டியோட மாத்திரையை நிறுத்திடாதீங்க. அது ஆபத்து. ஏன்னு கீழே வருது.

கதைக்குள்ள போவோம்.

19ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் தூக்கம் வரலைன்னா டாக்டர் கையில் இருந்தது சாராயமும் அபினும்தான். 1857-ல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர், பொட்டாசியம் புரோமைடு உப்பு வலிப்புக்குக் கேக்குதுன்னு ஒரு மருத்துவக் கூட்டத்தில் சொன்னார். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்தவர் அவர். வலிப்புக்கு வந்த அந்த உப்பு கொஞ்ச நாளிலேயே நரம்புத் தளர்ச்சி, பதட்டம், தூக்கமின்மை எல்லாத்துக்கும் பொது மருந்தாயிடுச்சு.

புரோமைடில் ஒரு சிக்கல் இருந்தது. உடம்புக்குள்ள போன புரோமைடில் பாதி வெளியேறவே சுமார் 12 நாள் ஆகும். தினமும் குடிச்சா சேர்ந்துக்கிட்டே போகும். கடைசியில் ஆள் குழம்பிப் போய், இல்லாததை எல்லாம் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். இதுக்குப் 'புரோமிசம்'னே ஒரு பெயர் வச்சாங்க. மருந்தால் வந்த குழப்பம்னு தெரியாம, மனநோய்னு நினைச்சு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவங்களும் உண்டு.

1869-ல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் குளோரல் ஹைட்ரேட்டைத் தூக்க மருந்தா அறிமுகப்படுத்தினார். 1903-ல் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் வெரோனாலைக் கொண்டு வந்தாங்க. பார்பிட்டுரேட் குடும்பத்தின் முதல் தூக்க மருந்து அது. அடுத்த அரை நூற்றாண்டு அந்தக் குடும்பத்தின் ஆட்சிதான்.

பார்பிட்டுரேட்டில் தூங்க வைக்கிற அளவுக்கும் உயிரை எடுக்கிற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ஒரு அட்டை முழுசா விழுங்கினா மூச்சு நின்னுடும். தற்கொலைகளுக்கும் தவறுதலான சாவுகளுக்கும் அது பேர் போனது. 1962-ல் 36 வயதில் இறந்த மர்லின் மன்றோ உடம்பில் இருந்ததும் பார்பிட்டுரேட்டும் குளோரல் ஹைட்ரேட்டும்தான்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். இதனால அந்தத் தலைமுறை மருத்துவர்களுக்குப் பாதுகாப்பான தூக்க மாத்திரைன்னா ஒரே அர்த்தம்தான்: ஒரு டப்பாவை மொத்தமா விழுங்கினாலும் ஆள் சாகக்கூடாது. தினமும் ஒண்ணே ஒண்ணு, பத்து வருஷம் விழுங்குற ஒரு எழுபத்தஞ்சு வயசுப் பாட்டியை மனசில் வச்சு யாரும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் எழுதலை. பின்னாடி நடந்த பல விஷயங்களுக்கு வேர் இதில்தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இப்போ கதாநாயகன் வர்றார். லியோ ஸ்டெர்ன்பாக்.

1908-ல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் பிறந்தவர். யூதர். போலந்தின் கிராகோவ் நகரில் வேதியியல் படிச்சு, அங்கேயே சாயப் பொருட்களுக்கான சில சேர்மங்களை ஆராய்ச்சி செஞ்சவர். ஸ்விட்சர்லாந்தில் ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கவும், அந்த நிறுவனம் 1941-ல் அவரை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த தன்னுடைய கிளைக்கு அனுப்பி வச்சது.

1955-ல் அமெரிக்காவில் மில்டவுன்னு ஒரு பதட்டம் தணிக்கும் மாத்திரை வந்து சக்கைப் போடு போட்டது. எங்களுக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு எல்லா மருந்து நிறுவனங்களும் தேட ஆரம்பிச்சாங்க. ஸ்டெர்ன்பாக் தன்னோட பழைய கிராகோவ் சேர்மங்களைத் தூசி தட்டி எடுத்தார். ஏறக்குறைய நாற்பது வகை செஞ்சு பார்த்தும் ஒண்ணும் தேறலை. மேலிடம் இதை விட்டுட்டு வேற வேலையைப் பாருங்கன்னு சொல்லிடுச்சு.

1957-ல் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும்போது, சோதனைக்கே அனுப்பாம ஓரமா வச்சிருந்த ஒரு படிகத்தை அவருடைய சக ஊழியர் ஏர்ல் ரீடர் பார்த்தார். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சிடலாமேன்னு விலங்குச் சோதனைக்கு அனுப்பினாங்க. மில்டவுனை விட நல்லா வேலை செஞ்சது. அதுதான் குளோர்டயஸிபாக்சைடு, பென்ஸோடயஸிபைன் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

பலரும் இதுவரைக்கும் சொல்லிட்டு நேரா 1960-க்குப் போயிடுவாங்க. நடுவில் நடந்ததுதான் நமக்கு முக்கியம்.

இந்த மருந்தை மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தப்போ, அதில் வயசான நோயாளிகள்தான் இருந்தாங்க. கொடுத்த அளவும் அதிகம். அவங்களுக்கு நாக்கு குழறிச்சு. நடை தள்ளாடிச்சு. எந்நேரமும் மந்தமா கிடந்தாங்க. இது தேறாதுன்னு மருந்தையே கைவிடுற நிலைமை வந்தது.

அப்புறம் வேற மருத்துவர்கள் குறைஞ்ச அளவில், பதட்டத்தோட வெளிநோயாளியா வந்தவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அற்புதமா இருந்தது. பதட்டம் போச்சு, ஆள் தெளிவா இருந்தார். மருந்து பிழைச்சுக்கிட்டது.

ஆக நாக்குக் குழறலும் தள்ளாட்டமும் மருந்து கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். வயசானவங்ககிட்டதான் முதலில் தெரிஞ்சது. அது அளவு கூடினதால் வந்த பிரச்சினைன்னு மட்டும் எடுத்துக்கிட்டாங்க. வயசும் ஒரு காரணமா இருக்கலாமேங்கிற கேள்வி அப்படியே நின்னு போச்சு. அந்தக் கேள்வி திரும்பி வர இன்னும் பதினைஞ்சு வருஷம் ஆச்சு.

1960-ல் லிப்ரியம். 1963-ல் வேலியம், அதாவது டயஸிபம். 1965-ல் தூக்கத்துக்குன்னே மொகடான், அதாவது நைட்ரஸிபம். 1969-லிருந்து 1982 வரை அமெரிக்காவிலேயே அதிகம் எழுதப்பட்ட மருந்து வேலியம்தான். 1978-ல் மட்டும் சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றன.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அன்றைய மருத்துவர்கள் இதைக் கொண்டாடினது முட்டாள்தனம் இல்லை. பார்பிட்டுரேட் விழுங்கினவங்களைக் கண்ணெதிரே இழந்தவங்க அவங்க. புது மாத்திரையை மட்டும் அளவுக்கு மீறி விழுங்கினவங்க பெரும்பாலும் பிழைச்சுக்கிட்டாங்க. சாராயத்தோடயோ அபின் வகை மருந்தோடயோ சேர்ந்தால்தான் மூச்சு நிக்கிற ஆபத்து பெருசாகுது. அவங்க கேட்ட கேள்விக்குச் சரியான பதிலாத்தான் இந்த மாத்திரை இருந்தது. கேள்விதான் பாதி.

பழக்கமாகும்ங்கிறதும் சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. 1961-ல் லியோ ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவும், மாதக்கணக்கில் அதிக அளவு லிப்ரியம் எடுத்துக்கிட்ட 11 நோயாளிகளுக்குத் திடீர்னு அதை நிறுத்தி வெறும் மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க. 10 பேருக்கு உடம்பில் மாற்றங்கள் வந்தன. 2 பேருக்கு வலிப்பே வந்தது. மேலே இன்னைக்கே நிறுத்திடாதீங்கன்னு சொன்னேன் இல்லையா, காரணம் இதுதான்.

ஆனா அது அதிக அளவு எடுத்தவங்களுக்குத்தான்னு சொல்லி அதையும் ஓரங்கட்டிட்டாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த சாதாரண அளவிலேயே உடம்பு அடிமையாகும்னு லண்டனில் மால்கம் லேடர் போன்றவங்க காட்ட 1980 ஆயிடுச்சு.

இப்போ வயசு விஷயத்துக்கு வருவோம். 1970-களில் மூணு ஆய்வுகள் வந்தன. மூணையும் சேர்த்துப் படிச்சா உங்க பாட்டிக்கு என்ன நடக்குதுன்னு புரிஞ்சிடும்.

1972-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கிரிம்லி எவன்ஸ், ஜார்விஸ் என்ற இரண்டு பேர், நைட்ரஸிபம் எடுக்கும் வயசானவங்களிடம் ஒரு தனி மாதிரியான முடக்கம் வருதுன்னு எழுதினாங்க. வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்கன்னு குடும்பமும் டாக்டரும் விட்டுடக் கூடிய மாதிரியான முடக்கம்.

1975-ல் க்ளாட்ஸ் என்பவரின் குழு டயஸிபத்தை அளந்து பார்த்தது. உடம்பில் உள்ள மருந்தில் பாதி வெளியேற 20 வயசுக்காரருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம். 80 வயசில்? ஏறத்தாழ 90 மணி நேரம். கிட்டத்தட்ட நாலு நாள்.

இதுக்குப் பெரிய காரணம் கொழுப்பு. வயசாக ஆக உடம்பில் தசை குறைஞ்சு, கொழுப்பின் விகிதம் கூடும். ஆள் ஒல்லியா தெரிஞ்சாலும் இது நடக்கும். டயஸிபம் கொழுப்பில் போய் உக்காந்துக்கும் மருந்து. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. தினம் ஒரு மாத்திரைன்னு ஒரு மாசம் போட்டா, இருபது வயசுக்காரர் உடம்பில் தங்கி நிக்கிறது ஒண்ணே முக்கால் மாத்திரை அளவு. எண்பது வயசில் கிட்டத்தட்ட ஆறு மாத்திரை அளவு. அதில் பெரும்பகுதி கொழுப்பில் இருக்கும், அப்படியே மூளைக்குப் போகாது. ஆனா நிறுத்தினாலும் வாரக்கணக்கில் கசிஞ்சுக்கிட்டே இருக்கும்.

அப்போ கொழுப்பில் தங்காத, சீக்கிரம் வெளியேறுற மருந்தைக் கொடுத்தா சரியாப் போச்சேன்னு தோணும். அதுக்குப் பதில் 1977-ல் வந்தது. காஸில்டன் என்பவரின் குழு, இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரே ஒரு 10 மில்லிகிராம் நைட்ரஸிபம் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்து, கவனத்துக்கான ஒரு சின்னப் பரீட்சையும் வச்சாங்க.

ரத்தத்தில் ரெண்டு பேருக்கும் மருந்து ஒரே அளவுதான் இருந்தது. பரீட்சையில் முதியவர்கள் செஞ்ச தப்புகள் அதிகம்.

அதாவது மருந்து தேங்குறது மட்டும் பிரச்சினை இல்லை. அதே அளவு மருந்துக்கு வயசான மூளை அதிகமா அடங்கிப் போகுது. இந்த ஒரு ஆய்வை எங்க படிப்பிலேயே இன்னும் சத்தமா சொல்லிக் கொடுக்கணும்னு எனக்கு ஆசை.

சரி, கொஞ்சம் மந்தமா இருந்தா என்ன, நல்லா தூங்கட்டுமேன்னு கேக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்கிறவரை நினைச்சுப் பாருங்க. இருட்டு. கண்ணாடி போடலை. பிரஷர் மாத்திரையால எழுந்த உடனே ஒரு கிறுகிறுப்பு. இந்த நேரத்தில் கால் லேசா இடறினா, இளைஞர் கையை ஊன்றி நின்னுக்குவார். அந்த அரை விநாடி சுதாரிப்பைத்தான் மாத்திரை எடுத்துடுது.

விழுந்தா உடையுறது இடுப்பு மூட்டோடு சேரும் இடத்தில் தொடை எலும்பு. நம்ம வீடுகளில் பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்கன்னு ஒரே வரியில் முடிச்சுடுவோம். எலும்பு டாக்டர் கம்பி வைப்பார். ஆனா பழைய மாதிரி எழுந்து நடமாடுறவங்க குறைவு. படுக்கைப் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டி, இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து, ஒரு வருஷத்துக்குள்ள கணிசமானவங்களை நாங்க இழக்கிறோம். நான் வேலை பார்க்கிற வார்டில் இது அபூர்வம் இல்லை.

இந்தத் தொடர்பைப் பெரிய அளவில் எண்ணிக் காட்டினவர் அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் வேய்ன் ரே. 1987-ல் வந்த அவரது ஆய்வில் மிச்சிகன் மாநிலத்து முதியவர்கள், இடுப்பு எலும்பு முறிந்த 1,021 பேரும் முறியாத 5,606 பேரும் ஒப்பிடப்பட்டாங்க. உடம்பில் நீண்ட நேரம் தங்கும் தூக்க, பதட்ட மருந்துகளை எடுத்தவங்களுக்கு முறிவு வாய்ப்பு 1.8 மடங்கு. குறுகிய நேரம் தங்கும் மருந்துகளில் அந்த ஆய்வு அப்படி எதையும் காணலை. உடனே உலகம் முழுக்க எல்லாரும் குறுகிய நேர மருந்துகளுக்குத் தாவினாங்க. பின்னாடி வந்த ஆய்வுகள் அதிலும் விழுகிறாங்கன்னு காட்டின.

அதே 1987-ல் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. இல்லத்தின் வசதிக்காகவோ, அடக்கி வைக்கவோ ஒருவருக்கு மருந்து கொடுக்கக் கூடாதுன்னு. மருந்தால் கட்டிப் போடுறதுன்னு அதுக்குப் பெயர். கயிறு கண்ணுக்குத் தெரியும், மாத்திரை தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வருஷம் மார்க் பியர்ஸ் என்ற இளம் முதியோர் மருத்துவரும் அவரது குழுவும் மாசசூசெட்ஸில் 12 இல்லங்களில் 850 பேரின் மருந்துகளை எண்ணினாங்க. பாதிக்கு மேற்பட்டவங்க மனநிலையை மாற்றும் ஏதோ ஒரு மருந்தில் இருந்தாங்க. 28 சதவீதம் பேருக்குத் தூக்க மருந்து. அதுவும் தேவைப்பட்டா கொடுக்கிறதா இல்லை. மணியடிச்சா சோறு மாதிரி, நேரம் வந்தா மாத்திரை.

1991-ல் அதே பியர்ஸ், வயசானவங்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள்னு ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்னைக்கும் பியர்ஸ் பட்டியல்னே அதுக்குப் பேர். ஆரம்பத்தில் நீண்ட நேர மருந்துகளைத்தான் அது முக்கியமா குறி வச்சது. 2012 பதிப்பில், தூக்கமின்மைக்கு எந்த பென்ஸோடயஸிபைனுமே வேண்டாம்னு வந்துடுச்சு.

இல்லங்கள் அமெரிக்காவில் இருந்ததுன்னு நாம நிம்மதியா இருந்துட முடியாது. இங்க ஓபியில் அடிக்கடி கேக்குற வாக்கியம், "டாக்டர், அப்பா ராத்திரி பூரா எழுந்து எழுந்து உக்கார்றார், எங்களால தூங்க முடியலை, ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க." கேக்கிற மகளை நான் குறை சொல்ல மாட்டேன். பகலில் வேலை, ராத்திரி காவல்னு அவங்க உடைஞ்சு போயிருக்காங்க. ஆனா இங்க தூக்கம் வேண்டியது ஒருத்தருக்கு, மாத்திரை போடப் போறது இன்னொருத்தர். இது ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட பிரச்சினைன்னு புரிஞ்சா, சிறுநீர்த் தொற்றா, புராஸ்டேட்டா, மறதி நோயோட ஆரம்பமான்னு தேடத் தோணும். பல நேரம் அப்படி ஒரு காரணம் கிடைக்கும்.

இனி, நிறுத்த என்னென்ன முயற்சி செஞ்சாங்கன்னு பார்ப்போம்.

பிரிட்டனில் 1988-ல் மருந்துப் பாதுகாப்புக் குழு, இந்த மாத்திரைகளை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்காதீங்கன்னு மருத்துவர்களுக்கு எழுதியது. நல்ல அறிவுரை, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு. ஏற்கெனவே பத்து வருஷமா போடுறவங்க என்ன செய்வாங்க? நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் அவங்களுக்காக 1982 முதல் 1994 வரை ஒரு தனி கிளினிக் நடத்தினார். நோயாளிகள் சொன்னதை உக்காந்து கேட்டார். மாதக்கணக்கில் துளித்துளியா குறைச்சா வெளியே வர முடியும்னு காட்டினார். அவர் எழுதின கையேடு இன்னைக்கும் பயன்படுது.

நியூயார்க் மாநிலம் வேற வழி பிடிச்சது. 1989 ஜனவரி முதல் இந்த மாத்திரைகளை மூணு பிரதிச் சீட்டில்தான் எழுதணும், ஒரு பிரதி அரசாங்கத்துக்குப் போகும். டாக்டர்கள் பயந்து போய் எழுதுறதைச் சட்டுனு குறைச்சாங்க. அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் இருந்த முதியவர்களிடம் பாதிக்கு மேல் குறைஞ்சது.

வெற்றி மாதிரி தெரியுது இல்லையா? பின்னாடி கணக்குப் பார்த்தா, மில்டவுன் வகை மருந்து ஒரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. 1869-ம் வருஷத்து குளோரல் ஹைட்ரேட்டும் அப்படியே. எதை விட ஆபத்தில்லைன்னு இந்த மாத்திரைகள் வந்தனவோ, அந்தப் பழைய பேய்களே திரும்பி வந்துடுச்சு. பல வருஷம் கழிச்சு இடுப்பு எலும்பு முறிவையும் எண்ணினாங்க. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியோடு ஒப்பிட்டா அதுவும் குறையவே இல்லை.

அடுத்து, இது அந்தக் குடும்பமே இல்லைன்னு ஸோல்பிடெம் வந்தது. அமெரிக்காவில் 1992-ல். வேதியியல்படி வேற குடும்பம்தான். மூளையில் போய் ஒட்டிக்கிற இடம் கிட்டத்தட்ட அதேதான். 2013-ல் பெண்களுக்கான அளவைப் பாதியாக் குறைக்கச் சொன்னாங்க. 2019-ல் தூக்கத்திலேயே எழுந்து நடந்து ஆபத்தில் மாட்டிக்கிறாங்கன்னு பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டாங்க. முதியவர்களுக்கு வேண்டாம்னு பியர்ஸ் பட்டியலிலும் ஏறிடுச்சு.

நம்ம நாட்டில் 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அல்ப்ரஸோலம், டயஸிபம், நைட்ரஸிபம், ஸோல்பிடெம் எல்லாம் அதில் இருக்கு. சீட்டு இல்லாம விற்கக் கூடாது. எழுதின டாக்டர் பெயரும் வாங்கினவர் பெயரும் தனிப் பதிவேட்டில் ஏறணும், அதை 3 வருஷம் வச்சிருக்கணும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள்ள எச்சரிக்கையும் இருக்கும். உங்க தெரு மெடிக்கலில் இது எப்படி நடக்குதுன்னு என்னை விட உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு அடிப்படைக் கேள்வி: வயசானவங்களுக்கு இது தூக்கமாவது தருதா? 2005-ல் 24 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. எல்லாம் 60 வயசுக்கு மேற்பட்டவங்க. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டா கூடுதலா கிடைச்ச தூக்கம் சராசரியா 25 நிமிஷம். 13 பேருக்குக் கொடுத்தா ஒருத்தருக்குத் தூக்கம் மேம்படும். 6 பேருக்குக் கொடுத்தா ஒருத்தருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு வரும். இந்த ரெண்டு எண்ணையும் திரும்ப ஒரு தடவை படிங்க.

கடைசியா 2014-க்கு வர்றேன். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு இது.

இது வரைக்கும் பேசினது எல்லாம் நிறுவனம் டாக்டரிடம், அரசாங்கம் டாக்டரிடம், டாக்டர் டாக்டரிடம். மாத்திரையை விழுங்குறவரிடம் யாரும் பேசலை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காரா டேனன்பாம் என்ற மருத்துவரின் குழு அதைத்தான் செஞ்சது. 30 மருந்துக்கடைகளில் நீண்ட நாளா இந்த மாத்திரை வாங்குற 303 முதியவர்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேர் வீட்டுக்கு ஒரு சின்னப் புத்தகத்தை அனுப்பினாங்க.

அதில் இருந்தது மூணே விஷயம். இந்த மாத்திரை உங்க வயசில் என்ன செய்யும். இதுக்குப் பதிலா என்ன செய்யலாம். ஏறத்தாழ அஞ்சு மாசத்தில் எப்படிப் படிப்படியா குறைக்கலாம்னு முழு மாத்திரை, அரை மாத்திரை, கால் மாத்திரைன்னு படம் போட்ட அட்டவணை. டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ பேசிட்டு ஆரம்பிங்கன்னு ஒரு குறிப்பு.

ஆறு மாசம் கழிச்சு, புத்தகம் கிடைச்சவங்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுசா விட்டிருந்தாங்க. இன்னொரு 11 சதவீதம் பேர் அளவைக் குறைச்சிருந்தாங்க. கிடைக்காதவங்களில் விட்டது 5 சதவீதம். அந்த 303 பேரில் 95 வயசுக்காரர் வரைக்கும் இருந்தாங்க. இந்த வயசில் பெரியவங்க மாற மாட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

2018-ல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. இந்தத் தடவை மருந்தாளுநர் டாக்டருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். தூக்க மாத்திரையை விட்டவங்க 43 சதவீதம். வழக்கம் போல விட்டுட்ட பக்கம் 9 சதவீதம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள்.

குறைக்கிறதுன்னா வாரக்கணக்கில், மாதக்கணக்கில், எழுதின டாக்டரோட சேர்ந்து. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல ஓபி இருக்கு, அங்கேயும் போகலாம். பைத்தியத்துக்கான இடம்னு பெரியவங்க தயங்குவாங்க, கூடப் போங்க. குறைக்கும்போது சில நாள் தூக்கம் முன்னை விடக் கெடும், கனவு அதிகமா வரும். பார்த்தியா, மாத்திரை இல்லாம என்னால முடியலைன்னு அப்போ சொல்வாங்க. பெரும்பாலும் அது மருந்து விலகும் நேரத்துச் சத்தம்தான், சில நாட்களில் அடங்கும். அடங்கலைன்னா முந்தின அளவிலேயே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சு, அப்புறம் தொடரலாம். அவசரமே இல்லை.

தூக்கத்தையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ராத்திரி எட்டு மணிக்குப் படுத்து மூணு மணிக்கு முழிச்சுட்டேன், தூக்கமே இல்லைன்னு சொல்ற தாத்தா ஏழு மணி நேரம் தூங்கியிருக்கார். மதியம் ரெண்டு மணி நேரம் தனி. அவருக்கு வேண்டியது மாத்திரை இல்லை. பத்து மணி வரைக்கும் பேச்சுத் துணை, சாயங்காலம் ஒரு நடை, நாலு மணிக்கு மேல் காபியை நிறுத்துறது.

முக்கியமான விதிவிலக்கு: வலிப்பு நோய்க்காகக் குளோபஸாமோ குளோனஸிபமோ எடுக்கிறவங்க, குடியை நிறுத்தும் சிகிச்சையில் இருக்கிறவங்க, புற்றுநோய் முற்றி வலி நிவாரணச் சிகிச்சையில் இருக்கிறவங்க, இவங்களுக்கு அதே மாத்திரை வேற காரணத்துக்காக எழுதப்பட்டிருக்கும். அதில் நீங்களா கை வைக்காதீங்க. எதுக்கு எழுதினாங்கன்னு தெரியலைன்னா, அட்டையோட எடுத்துட்டுப் போய் முதலில் அதைக் கேளுங்க.